சட்டை தேங்கினால் யாருக்குத் தேக்கம்?

(சோமனூரில் ஒரு தொழிற்சங்க வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, நம்ம ஊரில் பொருளாதாரம் தெரிந்துகொள்ள பேப்பர் படிக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டு வருகிறவர் பேக்கரியில் என்ன கேட்கிறார் என்று பார்த்தால் போதும். ஒன்றரை ஷிப்ட் ஓடிய வாரம் டீயோடு பப்ஸ். ஆர்டர் இல்லாத வாரம் வெறும் டீ. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மீதான அமெரிக்க வரி 50 சதவீதமானபோது, அந்த இடி நேராக வந்து விழுந்தது திருப்பூர் மேல்தான்.

உழைத்தால் முதலாளி ஆகலாம் என்று கொங்கு நாட்டில் ஒரு பெருமைப் பேச்சு உண்டு. பொய் என்று தள்ள மாட்டேன். டைலராக வந்து கம்பெனி வைத்தவர்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். சரி, அதே கை, அதே மெஷின். ஆர்டர் நின்றதும் அந்த உழைப்பு எங்கே போச்சுங்க?

சட்டை போதும் என்று உலகம் சொல்லிவிட்டதால் தேக்கம் வருவதில்லை. வாங்கக் காசு இல்லாததால் வருகிறது. ஒவ்வொரு முதலாளியும் தன் ஆளுக்குக் கூலியைக் குறைக்கிறார். அடுத்தவர் கம்பெனி ஆள் மட்டும் கை நிறையச் சம்பாதித்துத் தன் சரக்கை வாங்க வேண்டும் என்கிறார். மார்க்ஸ் காட்டிய முரண் இது. உள்ளே விற்காததை எங்கே கொண்டுபோய் விற்பார்கள் என்று 1913இல் மார்க்சியச் சிந்தனையாளர் ரோசா லக்சம்பர்க் கேட்டார். 1938இல் ‘நீடித்த தேக்கம்’ என்று இதற்குப் பேர் வைத்த ஹான்சன் அமெரிக்கப் பேராசிரியர், சோசலிஸ்ட்கூட இல்லை. அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. இடிந்ததைக் கட்டியதில் 1970களின் தொடக்கம் வரை வளர்ச்சி ஓடியது. லாபம் சரிந்ததும் மூலதனம் ஒரு பக்கம் வட்டிக்கும் சூதாட்டத்துக்கும் போனது, இன்னொரு பக்கம் கூலி மலிந்த ஊரைத் தேடியது. அந்த ஊர் எதுங்க? நாமதான்.

இந்தச் சோமனூர் தறிக்காரரையே பாருங்கள். தறி அவருடையது, ஷெட் அவருடையது, கரண்ட் பில்லும் அவருடையது. பாவு நூலும் ஊடை நூலும் ஜவுளி வியாபாரியுடையது. மீட்டருக்கு இத்தனை என்று கூலி. கடன் மட்டும் முதலாளிக் கடன், வருமானம் கூலிக்காரன் வருமானம்.

1984இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி ஏறினால் தொழில் அழியும் என்பது எல்லாக் காலத்துப் பேச்சு. ஆனால் ஏற்றுமதி பெருகியதே அதற்குப் பிறகுதான். கம்பெனியைத் துண்டு துண்டாக்கி ஜாப் ஒர்க்குக்கு விட்டதும் அதற்குப் பிறகுதான், அதை மறைக்க வேண்டாம்.

அப்படியென்றால் வளர்ச்சிதான் மருந்தா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயம் ஓடி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. லாப வெறி என்று சொல்லி நான் கைதட்டு வாங்கிவிடலாம். ஆனால் சோவியத் நாட்டிலும் பருத்திக்காகத்தான் ஆறுகளைத் திருப்பி ஏரல் கடலை வற்றவைத்தார்கள். அங்கே முதலாளி இல்லைங்க, இத்தனை டன் பருத்தி வேண்டும் என்ற டன் கணக்கு இருந்தது. இதைப் பேச நம் தோழர்களுக்குக் கூச்சம். கேள்வி நேரத்தை இதிலிருந்தே தொடங்கலாம்.