சூரியகாந்தியின் முதுகு

நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி காட்சிக் கலைக்கல்வி கற்பிப்பதில் கழிந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூரியகாந்திப் பூவை வைத்து ஓவியம் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை. ஆகவே நான் தொடர்வதற்கு முன், நீங்கள் ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒரு சூரியகாந்தியை வரைந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நடுவில் ஒரு பழுப்பு வட்டம், அதைச் சுற்றி ஒரே அளவில் மஞ்சள் இதழ்கள், கீழே நேரான பச்சைத் தண்டு, தண்டின் இருபுறமும் பக்கத்துக்கு ஓர் இலை என்றுதான் பெரும்பாலோர் வரைந்திருப்பீர்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது, ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளையும் இதைத்தான் வரைகிறது. இடையில் கழிந்த ஆறு ஆண்டுகளில் அந்தப் பிள்ளையின் கையெழுத்து மாறியிருக்கிறது, குரல் மாறியிருக்கிறது, கணக்குப் போடும் வேகம் மாறியிருக்கிறது. பூ மட்டும் மாறவில்லை. இதற்குப் பிள்ளையின் திறமைக்குறைவு காரணம் என்று நான் ஒருநாளும் கருதியதில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் வெண்பலகையில் ஒரு பூவை வரைந்துவிட்டு, 'இதைப் பார்த்து வரையுங்கள்' என்று சொல்லும் ஆசிரியர்கள்தாம் காரணம். என் முதல் எட்டு, ஒன்பது ஆண்டுகளில் நானும் அப்படித்தான் கற்பித்தேன்.

ஒருமுறை, பெயர் சொல்ல வேண்டாத ஒரு பள்ளியில் நடந்த ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். முப்பதுக்கும் மேற்பட்ட சூரியகாந்திகள் மேசையில் பரப்பப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் தலைகவிழ்ந்து, இதழ்கள் சுருங்கி, கழுத்து வளைந்து நின்றது. வாடிய பூவை வரைந்திருக்கிறதே என்று அந்தப் படத்தை முதல் சுற்றிலேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். விதை முற்றிய சூரியகாந்தி பாரம் தாங்காமல் தலைகவிழ்வது இயல்பு. அந்தக் குழந்தை எங்கோ உண்மையான பூவைக் கூர்ந்து பார்த்திருக்கிறது. நான் வாதாடினேன், ஆனால் மற்றவர்கள் ஒப்பவில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், என் வகுப்பில் அப்படி ஒரு படம் ஏன் ஒருமுறைகூட வந்ததில்லை என்ற கேள்வியே என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பூக்கடையில் மூன்று சூரியகாந்தித் தண்டுகளை வாங்கிக்கொண்டு நாலாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். கூடவே ஒரு பொட்டலம் குவாச்சி. சீனப் பெருநாள் வந்தால் நம் வீடுகளிலும் கொறிக்கிற அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடிட்ட விதையைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். அது இந்தப் பூவின் விதை என்பது வகுப்பில் நான்கைந்து பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மலாய்மொழியில் புங்கா மாத்தாஹாரி என்று சொல்லச் சொன்னேன். மாத்தா என்றால் கண், ஹாரி என்றால் நாள், நாளின் கண்ணாகிய சூரியனின் பெயரையே பூவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதும், ஒரு பையன் பூவின் நடுவட்டத்தைக் கண்ணைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தான்.

அன்று ஒருவரையும் பென்சிலைத் தொட விடவில்லை. வாரத்தில் கலைக்கல்விக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரம் முழுவதும் பார்ப்பதிலேயே போயிற்று. பூதக்கண்ணாடியைக் கைமாற்றிக்கொண்டு பார்த்தபோது, நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருக்கமாக அமர்ந்த ஒரு கூட்டம் என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பெரிய சூரியகாந்தியில் இந்தச் சிறுபூக்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை. அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக மலர்கின்றன. அதனால் நடுவட்டத்தில் ஒரே பழுப்பு நிறம் இருப்பதில்லை, ஓரத்தில் பொன்னிறம், அதற்குள் கரும்பழுப்பு, நட்ட நடுவில் இன்னும் திறக்காத மொட்டுகளின் இளம்பச்சை. சுற்றிலும் நாம் இதழ் என்று சொல்லும் மஞ்சள் நாக்கு ஒவ்வொன்றும்கூட ஒரு தனிப்பூதான். இதைக் கேட்ட ஒரு பெண், 'அப்படியென்றால் டீச்சர், நான் இதுவரை வரைந்த பூவெல்லாம் எத்தனை பூ?' என்று கேட்டாள்.

அந்த ஆண்டுதான் பள்ளியிலேயே சூரியகாந்தியை வளர்த்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இப்போது நான் சொல்லப் போவது என்னுடைய தவறு. வகுப்பறையின் சன்னல்கள் கிழக்கு நோக்கியவை. சன்னலுக்கு வெளியே, கிழக்கு வேலியை ஒட்டி விதைகளை ஊன்றச் சொன்னேன். சூரியகாந்தி சூரியனோடு திரும்பும் என்றுதான் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆகவே காலையில் அந்தப் பக்கம் பார்த்தாலும் பொழுது மேற்கே சாயும்போது பூக்கள் எங்கள் பக்கம் திரும்பிவிடும், பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே வரையலாம் என்று கணக்குப் போட்டேன். செடிகள் இளமையாக இருந்தவரை கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மொட்டுத் தலைகள் காலையில் கிழக்கே பார்த்தன, மாலையில் மேற்கே சாய்ந்தன. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கள் விரிந்தன. விரிந்த பிறகு ஒரு பூவும் அசையவில்லை. எல்லாம் கிழக்கையே பார்த்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன.

இதற்கான காரணத்தைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கியிருக்கிறார்கள். இளஞ்செடியின் தண்டில் பகலில் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் தலை மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் விடியுமுன் தலை மீண்டும் கிழக்கே திரும்பிவிடுகிறது. தண்டின் வளர்ச்சி நின்றதும் இந்த ஆட்டமும் நின்று, பூ கிழக்கு நோக்கியே நிலைத்துவிடுகிறது. காலை வெயிலில் அது சீக்கிரம் சூடேறுவதால் தேனீக்கள் அதை அதிகம் நாடி வருகின்றன. சூரியனைப் பார்க்கும் பூ என்றவுடன் நமக்கு ஒன்று நினைவுக்கு வர வேண்டும். குறுந்தொகையில் ஒரு தலைவி தன் தலைவனை ஞாயிறு என்றும், தன் தோள்களை நெருஞ்சி என்றும் தோழியிடம் சொல்கிறாள். சூரியகாந்தி வட அமெரிக்க மண்ணுக்கு உரியது, சங்கப் புலவர்கள் அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஐந்து இதழுள்ள சிறிய மஞ்சள் நெருஞ்சிப் பூ கதிரவனைப் பார்த்து நிற்பதை அவர்கள் தரையில் குனிந்து பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். வேலியைச் சுற்றி அந்தப் பக்கம் போய் வரையலாம் என்றால் அங்கே சாக்கடை. வேறு வழியில்லாமல் முதுகையே வரையச் சொன்னேன். என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகச் சிறந்த சூரியகாந்திப் படங்கள் அன்று வந்தன. பூவின் பின்பக்கத்துக்கு எந்தப் பிள்ளையின் மனத்திலும் மாதிரி கிடையாது. கையில் தயாராக வைத்திருக்கும் வட்டமும் இதழும் அங்கே பயன்படா. பார்த்தால்தான் வரைய முடியும். கூரிய முனைகொண்ட பச்சை இலைச்செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை ஓடு போல அடுக்கியிருப்பதையும், கழுத்து திடீரென்று தடித்து வளைவதையும், தண்டு முழுவதும் வெள்ளை முடி சிலிர்த்திருப்பதையும், அவற்றுக்குப் பின்னால் மஞ்சள் நுனிகள் மட்டும் வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பதையும் அவர்கள் வரைந்தார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு விதமான படங்கள்.

வின்சென்ட் வான் கோவின் படங்களை அதற்குப் பிறகுதான் காட்டினேன். முதலிலேயே காட்டுவது வழக்கமாக இருக்கிறது, ஆனால் அது வெண்பலகைப் பூவுக்குப் பதிலாக இன்னொரு மாதிரியைத் தருவதாகவே முடியும் என்பது என் எண்ணம். தாம் வரைந்து முடித்த பிறகு பார்க்கும் பிள்ளை அவரை ஒரு சகமாணவரைப் போலப் பார்க்கிறது. 1887இல் பாரிஸில் அவர் தீட்டிய படங்களில் வெட்டிய பூக்கள் காய்ந்து கிடக்கின்றன, சில தம் பின்பக்கத்தைக் காட்டுகின்றன. அதைக் கண்டதும் வகுப்பில் எழுந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது. 1888 ஆகஸ்டில், பிரான்சின் தெற்கே ஆர்ல் நகரில், தம் நண்பர் கோகேன் வந்து தங்கப் போகும் அறையை அலங்கரிக்க அவர் சாடியில் வைத்த சூரியகாந்திகளைத் தீட்டினார். பூக்கள் விரைவில் வாடிவிடும் என்பதால் விடிந்ததும் வேலையைத் தொடங்கினார். இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் படத்தில் பதினைந்து பூக்கள். விரிந்தவையும் உண்டு, இதழ் உதிர்ந்து விதையாய் நிற்பவையும் உண்டு. போட்டியில் ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தையின் படத்தை ஒவ்வொரு முறையும் அங்கே நான் நினைத்துக்கொள்வேன்.

அந்தப் படத்தில் பூ மஞ்சள், சாடி மஞ்சள், மேசை மஞ்சள், பின்னணியும் மஞ்சள். ஒரே நிறத்துக்குள் இத்தனை நிறம் எப்படி என்று பிள்ளைகள் வியப்பார்கள். அப்போது நான் வண்ணப்பெட்டியை மூடச் சொல்லிவிட்டு, மஞ்சளுக்குப் பெயர் கேட்பேன். எலுமிச்சை, பலாச்சுளை, பாலிக் பூலாவ் டுரியானின் சுளை, கொன்றைப்பூ, பாட்டி பூசிக் குளித்த கிழங்கு மஞ்சள், மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டும் கயிறு, முட்டைக்கரு, புலூட் கூனிங் என்னும் மஞ்சள் பசையரிசிச் சோறு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பிறகு அந்த ஒவ்வொன்றையும் கலந்து காட்டச் சொல்வேன். இங்கே ஒரு செய்தியைப் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது. இதழின் நிழலைக் காட்டப் பிள்ளைகள் மஞ்சளில் கறுப்பைச் சேர்ப்பார்கள். அது கருமஞ்சளாகாமல் பாசி படிந்த பச்சையாகிவிடும், பிள்ளை பயந்துபோய்த் தாளைக் கசக்கும். மஞ்சளை ஆழமாக்கச் செம்மஞ்சள், காவி, பழுப்பு ஆகியவை போதும். நிழலுக்கு ஒரே ஒரு துளி ஊதா கலந்தால் மஞ்சள் அடங்கி நிற்கும். ஒரு துளி என்றால் தூரிகை நுனியில் ஒட்டுகிற அளவு.

நம் நாட்டுப் பாத்தேக் கலையையும் இந்தப் பூவோடு சேர்த்துச் சொல்லிக் கொடுக்கலாம். கிளந்தான், திரெங்கானு கைவினைஞர்கள் சாந்திங் என்னும் சிறு செப்புக் கருவியில் உருக்கிய மெழுகை ஏந்தித் துணியில் கோடு இழுக்கிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறுவதில்லை. கொதிக்கும் மெழுகைச் சிறுவர் கையில் கொடுக்க முடியாது. வெள்ளை ஆயில் பேஸ்டலால் தண்டின்மேல் குட்டிக் குட்டிக் கோடுகள் போடச் சொல்வேன். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் நீர்த்த பச்சை வண்ணத்தை ஓட்டினால் எண்ணெய்ப் பசையின்மேல் தண்ணீர் நிற்காமல் விலகி, தண்டு முழுவதும் வெள்ளை முடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்கும். அந்த நொடியில் ஒரு வகுப்பு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடுவட்டத்தையே ஒரு பாடமாக்கலாம். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இது எளிதில் பிடிபடும். விதைகள் வலப்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் சுருள் சுருளாக அமைந்திருக்கும்; எண்ணினால் பெரும்பாலும் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55, பெரிய பூவானால் 55ம் 89ம் வரும். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டு எண்களின் கூட்டுத்தொகையாக அமையும் வரிசை அது. அட்டையில் 137.5 பாகைக் கோணத்தை வெட்டி எடுத்து, மையத்திலிருந்து ஒரு புள்ளி, அந்தக் கோணம் திரும்பிச் சற்றுத் தள்ளி அடுத்த புள்ளி, மறுபடி திரும்பி அடுத்தது என்று, வெளியே போகப் போக இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வைத்துக்கொண்டே போனால், நாற்பது ஐம்பது புள்ளிகளில் சுருள்கள் தாமாகவே தெரியத் தொடங்கும். எந்தப் பிள்ளையும் சுருளை வரையவில்லை, புள்ளிதான் வைத்தது.

காகிதத் தட்டில் மஞ்சள் இதழ் ஒட்டிச் செய்யும் பூவைப் பற்றியும் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதுதான். ஆனால் இதழ்களை ஆசிரியர் வெட்டித் தரக்கூடாது. கோணலாக வெட்டினாலும் அவர்களே வெட்டட்டும், தாளைக் கையால் கிழித்தால் இன்னும் நல்லது.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது 'அழகாக இருக்கிறது' என்று சொல்லி முடித்துவிடாமல், 'இதை எங்கே பார்த்தாய்?' என்று கேளுங்கள்.

அந்த ஆண்டு வேலியோரத்துப் பூக்கள் முற்றித் தலைகவிழ்ந்தபோது அவற்றையும் வரைந்தோம். பிறகு தலைகளை அறுத்து, தாழ்வாரத்தில் செய்தித்தாள் விரித்து உலர்த்தி, விதைகளை உதிர்த்து ஒரு மைலோ டின்னில் பத்திரப்படுத்தினோம். அடுத்த ஆண்டு புதிதாக நாலாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைகளிடம் அந்த டின்னைக் கொடுத்து, எங்கே நடலாம் என்று கேட்டேன். முன்பக்கம் தெரிய வேண்டும் என்றார்கள் பாதிப் பேர், முதுகுதான் வேண்டும் என்றார்கள் மீதிப் பேர். கட்டடத்தின் கிழக்கே ஒரு வரிசையும் மேற்கே ஒரு வரிசையுமாக நட்டார்கள்.