உயிரியல் பாதுகாப்புக் கொள்கைத் துறையில் நுழைய முனைவர் பட்டம் வேண்டுமா?

மைக்ரோபயாலஜியில் முதுகலை முடித்திருக்கும் நேயர் ஒருவர், உலக சுகாதாரப் பாதுகாப்பிலும் உயிரியல் பாதுகாப்புக் கொள்கையிலும் (ஆபத்தான நோய்க்கிருமிகள் தவறுதலாகவோ வேண்டுமென்றோ பரவாமல் தடுக்கும் கொள்கை) பணியாற்ற விரும்புவதாகவும், அதற்கு முனைவர் பட்டம் கட்டாயமா என்றும் கேட்டிருக்கிறார். கட்டாயம் இல்லை. ஆனால் ஆய்வகப் பயிற்சி மட்டும் இங்கே போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1979 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் நோயால் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட இறைச்சியே காரணம் என்று அரசு பல ஆண்டுகள் சாதித்தது. 1992இல் அங்கு சென்ற அமெரிக்க உயிரியலாளர் மேத்யூ மெசல்சன் குழுவினருக்கு மருத்துவமனைப் பதிவேடுகள் கிடைக்கவில்லை. உளவுத்துறை அவற்றை முன்பே கைப்பற்றியிருந்தது. ஆகவே குழுவிலிருந்த சமூகவியலாளர் ஜீன் கில்லமின், இறந்தவர்களின் குடும்பங்களைச் சந்தித்து, அவர்கள் எங்கே வசித்தார்கள், எங்கே வேலை பார்த்தார்கள் என்று விசாரித்தார். அந்த இடங்களை வரைபடத்தில் குறித்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை, ஆந்த்ராக்ஸ் கிருமியை ஆயுதமாகத் தயாரித்துவந்த இராணுவ வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டையாக அமைந்தன. அதே பட்டையை நீட்டினால், கால்நடைகள் செத்த கிராமங்கள் அதில் வந்தன. நுண்ணோக்கியால் மட்டும் இது வெளிப்பட்டிருக்காது.

இத்தனைக்கும் நோய்க்கிருமிகளை ஆயுதமாக உருவாக்குவதைத் தடைசெய்து 1975இல் நடைமுறைக்கு வந்த உயிரியல் ஆயுத உடன்படிக்கையில் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்டிருந்தது. நாடுகள் அதை மதிக்கின்றனவா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை; அதற்கான பேச்சுவார்த்தை 2001இல் முறிந்தது. எனவே, நாடுகள் ஆண்டுதோறும் தாமாக அளிக்கும் தகவல் படிவங்களை ஒப்பிட்டுப் படிப்பது, விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, அதை அதிகாரி ஒருவர் பத்து நிமிடத்தில் படித்து முடிவெடுக்கும்படி இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுவது என்றுதான் இளநிலைப் பணி பெரும்பாலும் நகரும். பரபரப்பை எதிர்பார்த்து வருபவர்கள் சலித்துப்போவார்கள்.

நீங்கள் முதலில் பன்னாட்டு சுகாதார ஒழுங்குவிதிகளின் இரண்டாம் இணைப்பைப் படியுங்கள். ஒரு நோய்ப்பரவலை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அது நான்கு கேள்விகளால் தீர்மானிக்கிறது. பழைய நோய்ப்பரவல் ஒன்றை எடுத்து அக்கேள்விகளுக்கு நீங்களே விடை எழுதிப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவரானால், மரபணு மாற்ற ஆய்வு நடக்கும் நிறுவனங்களில் 1989ஆம் ஆண்டு விதிகளின்படி உயிரியல் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கும். அதன் கூட்டக் குறிப்புகளை எழுதித்தர முன்வாருங்கள். அந்த வேலைக்கு யாரும் போட்டிக்கு வருவதில்லை.