அடுத்த புத்தகம்: இருவரும் சேர்ந்தே எடுக்கணும்!

நடுவர் ஐயா அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே! வீட்டில் அடுத்து எந்தப் புத்தகம் என்பதைக் கணவனும் மனைவியும் தனித்தனியாக முடிவு செய்வதா, சேர்ந்து முடிவு செய்வதா? சேர்ந்துதான் என்று சொல்ல வந்திருக்கிறோம்.

எதிரணித் தலைவர் பக்கத்துக் கோட்டையூரைக் காட்டினார். அந்த ஊர் ரோஜா முத்தையா செட்டியார் அத்தனை புத்தகத்தையும் யாரைக் கேட்டுச் சேர்த்தார் என்றார். அவர் சேர்த்தவைதாம் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் ஐயா, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரை அவர் சேர்த்தார். அது எதையும் விடாத வேலை. நாம் பேசுவதோ மற்றதையெல்லாம் விட்டு ஒன்றை எடுக்கிற வேலை. விடுவதற்குத்தான் இன்னொருவர் வேணும்.

சேர்ந்து எடுத்தால் சண்டை வரும் என்றார் எதிரணித் தலைவர். முறை இல்லாவிட்டால் வரும். ஒருவர் மூன்று புத்தகம் எடுத்து வைக்கட்டும். மற்றவர் அதில் ஒன்றை எடுக்கட்டும். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் நீட்டினால் அது உத்தரவு. பத்தை அடுக்கினால் முடிவே வராது. மூன்றும் ஒரே எழுத்தாளருடையது என்றால் அதுவும் உத்தரவுதான்! ஒரு நாவல், ஒரு கட்டுரை நூல், ஒரு சிறுகதைத் தொகுப்பு என்று வைத்துப் பாருங்கள்.

எடுக்குமுன் நடுவிலிருந்து இரண்டு பக்கம் வாய்விட்டு வாசிக்கணும். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் இழைத்து இழைத்துத்தான் எழுதுவார்கள். நடை எப்படி என்று நடுப்பக்கம்தான் சொல்லும். எழுத்து பொடியாக இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

கணக்கும் பார்க்கணும். நூலகத்தில் 14 நாள் தவணை என்றால், 240 பக்க நூலுக்கு நாளைக்கு 20 பக்கம், 12 நாள். இரண்டு நாள் கல்யாணம், காட்சிக்குப் போய்விட்டாலும் குடி முழுகாது. வாய்விட்டு வாசித்தால் 20 பக்கத்துக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், ஒருவர் வாசிக்க, கொட்டான் என்கிற ஓலைக்கூடை பின்னுகிற கை நிற்காமல் மற்றவர் கேட்கலாம்.

ஒரே பிரதியைத் தனித்தனியே வாசித்தால் இரண்டு அடையாள அட்டை வையுங்கள். முந்திப் போனவர், பின்னால் இருக்கிற அட்டையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக்கூடாது. முடிவைச் சொல்லிவிட்டால் மற்றவர் அந்தப் புத்தகத்தைத் தொடுவாரா, சொல்லுங்கள்!

முகத்துக்காகச் சரி என்று தலையாட்டுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. அதனால் 40 பக்கத்துக்குள் யார் வேண்டுமானாலும் புத்தகத்தை மூடலாம். ஏன் என்று கேட்கக்கூடாது. ஆனால் மூடியவர்தான் அடுத்த மூன்றையும் தேடி எடுத்து வரணும், ஐயா!