அவுன்ஸுக்கு 17 டாலர்தானா? ஜூனியர் மைனிங் ஷேர் நெஜமாவே மலிவான்னு பாக்குற கணக்கு

வணக்கம் நண்பர்களே. கனடாவுல சின்னக் கம்பெனிகளுக்கான டிஎஸ்எக்ஸ் வென்ச்சர்ங்கிற பங்குச் சந்தையில லிஸ்ட் ஆகியிருக்கிற சின்ன தங்கச் சுரங்கக் கம்பெனிகளைப் பத்திப் பேச்சு வந்தாலே ஒரு வாதம் கண்டிப்பா வரும். "இவங்க கிட்ட மண்ணுக்குள்ள 12 லட்சம் அவுன்ஸ் தங்கம் இருக்கு, மார்க்கெட் அவுன்ஸுக்கு வெறும் 17 டாலர் கொடுக்குது, பக்கத்துக் கம்பெனிக்கு 60 டாலர் கொடுக்குது, அப்போ இது மூணு மடங்குக்கு மேல ஏறணும்." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 12 லட்சம் அவுன்ஸை வெளிய எடுத்து வித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கம்பெனி மொத்தம் எத்தனை ஷேர் போடப் போகுதுங்கிற கேள்வியே அந்த வாதத்துல இல்ல. இந்த வீடியோ முழுக்க அந்தக் கேள்விதான்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கம்பெனி எடுத்துக்குவோம். எந்த நிஜக் கம்பெனியையும் வாங்குங்கன்னோ விக்குங்கன்னோ நான் சொல்லல. ஸ்க்ரீன்ல இருக்கிற நம்பரைப் பாருங்க. ஷேர் விலை 12 சென்ட். வெளியில இருக்கிற ஷேர் 18 கோடி. அப்போ மார்க்கெட் கேப் 2 கோடியே 16 லட்சம் டாலர். கையில ரொக்கம் 15 லட்சம், கடன் இல்ல. ரொக்கத்தைக் கழிச்சா 2 கோடியே 1 லட்சம். அதை 12 லட்சம் அவுன்ஸால வகுத்தா 16 டாலர் 75 சென்ட். அந்த "17 டாலர்" இங்கிருந்துதான் வருது.

முதல்ல அவுன்ஸைப் பாப்போம். கனடாவுல என்ஐ 43-101னு ஒரு சட்ட விதி இருக்கு, 2001 பிப்ரவரியில அமலுக்கு வந்தது. அதுக்குக் காரணம் ப்ரீ-எக்ஸ்ங்கிற கம்பெனியோட மோசடி. இந்தோனேசியாவுல, போர்னியோத் தீவுல, புசாங்ங்கிற இடத்துல கோர் சாம்பிளை, அதாவது டிரில் பண்ணி எடுத்த பாறைத் துண்டைப் பொடி பண்ணி அதுல வெளியிலிருந்து தங்கத்தைக் கலந்து லேபுக்கு அனுப்பினாங்க. 1997-ல குட்டு வெளிப்பட்டு மொத்தப் பணமும் போச்சு. அதுக்கப்புறம்தான் தகுதி பெற்ற ஒரு ஜியாலஜிஸ்ட் இல்லன்னா இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு, பேரைப் போட்டு, பொறுப்பு ஏத்துக்கணும்னு வந்தது.

அந்த விதிப்படி அவுன்ஸ் எல்லாம் ஒரே ரகம் இல்ல. இன்ஃபர்டு, இண்டிகேட்டட், மெஷர்டுன்னு மூணு படி, அந்த வரிசையில நம்பகம் ஏறும். இன்ஃபர்டுன்னா டிரில் ஓட்டை தள்ளித் தள்ளி இருக்கு, நடுவுல தங்கம் தொடர்ச்சியா இருக்கலாம்னு ஒரு அனுமானம், அவ்வளவுதான். நம்ம உதாரணக் கம்பெனியில 3 லட்சம் இண்டிகேட்டட், 9 லட்சம் இன்ஃபர்டுன்னு வச்சுக்கோங்க. நியூஸ் ரிலீஸ் தலைப்புல ரெண்டையும் கூட்டி 12 லட்சம்னு சொல்ற மாதிரி இருந்தா அங்கேயே நின்னு பாருங்க. ரெண்டையும் கூட்டிச் சொல்லக் கூடாதுன்னு விதியே இருக்கு, தனித்தனியாத்தான் காட்டணும். கூட்டுற வேலையை ஷேரைத் தூக்கிப் பேசுறவங்க பாத்துக்குவாங்க.

இன்ஃபர்டை நம்பினா என்ன ஆகும்? ஒன்டாரியோவுல ரெட் லேக் பக்கத்துல ரூபிகான் மினரல்ஸோட ஃபீனிக்ஸ் சுரங்கம். 2013 மதிப்பீட்டுல இண்டிகேட்டடும் இன்ஃபர்டும் சேத்து சுமார் 33 லட்சம் அவுன்ஸ், அதுல மூணுல ரெண்டு பங்கு இன்ஃபர்டு. ஃபீசிபிலிட்டி ஸ்டடி, அதாவது சுரங்கம் லாபமா நடக்குமான்னு பாக்குற முழு ஆய்வு, எதுவும் செய்யாம சுரங்கத்தைக் கட்ட ஆரம்பிச்சாங்க. உள்ள போய்த் தோண்டினப்போ தங்கம் மாடல்ல இருந்த மாதிரி தொடர்ச்சியா இல்ல. 2015 கடைசியில வேலையை நிறுத்தினாங்க. 2016 ஜனவரியில புது மதிப்பீடு வந்தது, மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். அதே வருஷம் கடன்காரங்ககிட்ட இருந்து பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. இதுல மோசடி எதுவும் இல்ல. தங்கம் திட்டுத் திட்டா இருக்கிற பாறையில, தங்கம் அதிகமாக் காட்டின நாலு டிரில் நம்பர் சுத்தி இருக்கிற எல்லாப் பாறைக்கும் பரவினதாக் கணக்காகிடுச்சு.

அதே பரவல் டிரில் ரிசல்ட்டுலயும் நடக்கும், அதை நீங்களே ஒரு நிமிஷத்துல பிடிச்சுடலாம். நியூஸ்ல "50 மீட்டருக்கு 2 கிராம், அதுல 1 மீட்டருக்கு 85 கிராம் உட்பட"ன்னு வருதுன்னு வைங்க. கிராம்ங்கிறது ஒரு டன் பாறையில இருக்கிற தங்கம். 50-ஐ 2-ஆல பெருக்குனா 100. அதுல அந்த ஒத்தை மீட்டரோட 85-ஐக் கழிங்க. மீதி 15. அது மீதி 49 மீட்டருக்கு. 15-ஐ 49-ஆல வகுத்தா டன்னுக்கு 0.3 கிராம். அதாவது 49 மீட்டர் கிட்டத்தட்ட வெத்துப் பாறை. ஒரு மீட்டர் அகல நரம்பு ஒண்ணுதான் உங்ககிட்ட இருக்கு, அதை 50 மீட்டராக் காட்டியிருக்காங்க. "உட்பட"ங்கிற வார்த்தை வர்ற எல்லா வரியிலயும் இந்தக் கழித்தலைப் போடுங்க. அப்புறம் அடிக்குறிப்புல ட்ரூ விட்த், அதாவது நரம்போட நெஜ அகலம், எவ்வளவுன்னு பாருங்க. டிரில் சாய்வா ஓடியிருந்தா 50 மீட்டர் கோர்ல நெஜ அகலம் 30 மீட்டராக்கூட இருக்கலாம். "ட்ரூ விட்த் இன்னும் தெரியலை"ன்னு போட்டிருந்தா அந்த 50-ஐ அகலம்னே எடுத்துக்காதீங்க.

இன்னொரு விஷயம் மெட்டலர்ஜி, அதாவது பாறையிலிருந்து தங்கத்தைப் பிரிக்கிற முறை. அர்செனோபைரைட் மாதிரி சல்ஃபைடுக்குள்ள (கந்தகக் கனிமம்) தங்கம் பூட்டிக்கிட்டு இருந்தா சாதாரண சயனைடு முறையில வெளிய வராது. ரிக்கவரி, அதாவது வெளிய எடுக்க முடியுற தங்கம், 93 சதவீதமா, 60 சதவீதமாங்கிறது டெக்னிக்கல் ரிப்போர்ட்டுல 13-ஆவது பகுதியில இருக்கும். அந்தப் பகுதியில டெஸ்ட் எத்தனை சாம்பிள்ல பண்ணாங்கன்னும் பாருங்க. ரெண்டு மூணு சாம்பிள்ல பண்ண டெஸ்ட்டை வச்சு முழு டெபாசிட்டுக்கும் 93 சதவீதம்னு போட்டா அந்த நம்பரை நான் ஏத்துக்க மாட்டேன்.

இப்போ பெரிய கணக்கு. நம்ம கம்பெனி ஒரு பிஇஏ வெளியிட்டிருக்கு, அதாவது முதல் கட்டப் பொருளாதார ஆய்வு. அதுல வரி போக, 5 சதவீத டிஸ்கவுண்ட்ல என்பிவி, அதாவது வருங்கால வரவுசெலவோட இன்னைக்கு மதிப்பு, 28 கோடி டாலர், சுரங்கம் கட்டச் செலவு 24 கோடி. உடனே ஒருத்தர் 28 கோடியை 18 கோடி ஷேரால வகுப்பார். ஷேருக்கு 1 டாலர் 55 சென்ட்! விலை 12 சென்ட்! 13 மடங்கு! இந்த வகுத்தல்தான் எல்லா இடத்துலயும் சுத்துது.

அந்த 24 கோடி எங்கிருந்து வரும்? பாதி கடன் கிடைச்சதுன்னே வச்சுக்குவோம், 12 கோடி. மீதி 12 கோடியை இன்னைக்கு விலையில, 12 சென்ட்டுக்கு ஷேர் வித்துத் திரட்டணும். 100 கோடி புது ஷேர். மொத்தம் 118 கோடி ஆகுது. கம்பெனிக்குள்ள வந்த 12 கோடியையும் மதிப்புல சேக்கணும், அது நியாயம். 28-ம் 12-ம் 40 கோடி. அதை 118 கோடியால வகுத்தா 34 சென்ட். 1 டாலர் 55 எங்க, 34 சென்ட் எங்க!

இன்னும் முடியல. கட்டுறதுக்கு முன்னாடி டிரில்லிங், சுற்றுச்சூழல் அனுமதி, அடுத்த கட்ட ஆய்வு எல்லாம் இருக்கு. வருஷத்துக்கு 50 லட்சம்னு 4 வருஷம், 2 கோடி டாலர். 12 சென்ட்ல அதுக்கே 16.7 கோடி ஷேர். பிஇஏ-வுல இன்ஃபர்டு அவுன்ஸைச் சேத்துக்கலாம், அடுத்த படியான ப்ரீ-ஃபீசிபிலிட்டியில சேக்கவே முடியாது. அதனால அடுத்த ஆய்வுல என்பிவி 28-லிருந்து 20 கோடிக்கு இறங்குது, கட்டுமானச் செலவு 30 சதவீதம் ஏறுதுன்னு வச்சுக்கோங்க. இப்போ செலவு 31.2 கோடி, பாதி 15.6 கோடி, 12 சென்ட்ல 130 கோடி ஷேர். மொத்தம் 165 கோடிக்குக் கிட்ட. மதிப்பு 20-ம் 15.6-ம் 35.6 கோடி. ஷேருக்கு 22 சென்ட்டுக்கும் கம்மி. 13 மடங்குன்னு ஆரம்பிச்சது, பல வருஷம் காத்திருந்த பிறகு, ரெண்டு மடங்கு கூட இல்ல.

ஆனா அதே கணக்குல ஒரே ஒரு நம்பரை மாத்துங்க. கட்டுமானப் பணத்தை 12 சென்ட்டுக்குப் பதிலா 30 சென்ட்ல திரட்டினா 130 கோடிக்குப் பதில் 52 கோடி ஷேர்தான். மதிப்பு ஷேருக்கு 41 சென்ட்டா ஆகுது. அதே பாறை, அதே தங்கம். நல்ல ரிசல்ட் வந்து விலை ஏறினப்போ பணம் திரட்டுறவங்களா, ரொக்கம் காலியாகி எந்த விலைக்கும் விக்கிறவங்களாங்கிறதுலதான் உங்க லாபம் இருக்கு. மேனேஜ்மென்ட்டைப் பாருங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, எதைப் பாக்கணும்னா கடைசி நாலஞ்சு ஃபைனான்சிங் எந்த விலையில நடந்தது, அதுக்கு முந்தின ரிசல்ட் எப்படி இருந்ததுன்னு ஒரு அட்டவணை போட்டுப் பாக்கணும்.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் கிரேட் பேர் ரிசோர்சஸ். அதே ரெட் லேக் வட்டாரம், டிக்ஸி ப்ராஜெக்ட். கின்ராஸ் கம்பெனி 2022 பிப்ரவரியில சுமார் 180 கோடி கனடா டாலருக்கு, ஷேருக்கு 29 டாலர்னு வாங்கினாங்க. டீல் அறிவிச்சப்போ அந்தக் கம்பெனிகிட்ட அதிகாரபூர்வ ரிசோர்ஸ் மதிப்பீடே கிடையாது. அவுன்ஸுக்கு எவ்வளவுன்னு வகுக்க வழியே இல்ல. நெருக்க நெருக்கமா போட்ட டிரில் ஓட்டைகள் இருந்தது. 180-ஐ 29-ஆல வகுத்துப் பாருங்க, ஷேர் எண்ணிக்கை 6 கோடிச் சொச்சம். வென்ச்சர் எக்ஸ்சேஞ்சுல 18 கோடி, 40 கோடின்னு ஷேர் வச்சிருக்கிற கம்பெனிகளோட அதை ஒப்பிடுங்க.

சரி, இதையெல்லாம் எங்க பாக்குறது? கனடா கம்பெனிகளோட அறிக்கை எல்லாம் இருக்கிற செடார் பிளஸ் வெப்சைட்டுல. கம்பெனி பேரைப் போட்டு கடைசிக் காலாண்டு அறிக்கையும், எம்டி அண்ட் ஏ-ங்கிற நிர்வாகத்தோட விளக்க அறிக்கையும் எடுங்க. வென்ச்சர் கம்பெனிகளுக்குக் காலாண்டு முடிஞ்சு 60 நாள் அவகாசம், வருஷ அறிக்கைக்கு 120 நாள். அதனால நீங்க பாக்குற ரொக்கம் பழைய ரொக்கம். கடைசிப் பக்கத்துல சப்ஸிகுவென்ட் ஈவென்ட்ஸ்னு ஒரு குறிப்பு இருக்கும், காலாண்டுக்கு அப்புறம் ஷேர் போட்டாங்களான்னு அதுல தெரியும். நம்ம உதாரணத்துல 15 லட்சம் ரொக்கம், வருஷச் செலவு 50 லட்சம், அப்போ மூணரை மாசம்தான். இன்னைக்கு வாங்கினா அடுத்த ஃபைனான்சிங்குக்கு முன்னாடி வாங்குறீங்க, அது பெரும்பாலும் மார்க்கெட் விலைக்குக் கீழதான் வரும்.

ஷேர் கேப்பிட்டல் குறிப்புல வாரண்ட், ஆப்ஷன் எல்லாம் விலை, முடியுற தேதியோட இருக்கும். ரெண்டுமே குறிச்ச விலைக்குப் புது ஷேர் வாங்குற உரிமை; வாரண்ட் முதலீட்டாளர்களுக்கு, ஆப்ஷன் கம்பெனி ஆட்களுக்கு. 6 கோடி வாரண்ட் 18 சென்ட்ல இருக்குன்னா, விலை 18-ஐத் தொட்டதும் அங்க ஒரு சுவர், வாரண்ட்டை ஷேரா மாத்தி விக்க ஆரம்பிப்பாங்க. பிரைவேட் பிளேஸ்மென்ட்ல, அதாவது கம்பெனிகிட்ட இருந்து நேரடியாப் புது ஷேர் வாங்கினவங்களுக்கு ஷேரும், பெரும்பாலும் அரை வாரண்ட்டும் கிடைக்கும். நாலு மாசம் விக்க முடியாது. அந்த நாலு மாசம் முடிஞ்சதும் ஷேரை வித்துப் போட்ட காசை எடுத்துக்கிட்டு, வாரண்ட்டை இலவசமா வச்சுக்குவாங்க. ஃப்ளோ-த்ரூ ஷேர்னா, அதாவது கம்பெனியோட ஆய்வுச் செலவுக்கான வரிச் சலுகையை வாங்கினவங்களுக்கே கொடுக்கிற ஷேர்னா, இன்னும் மோசம், போட்ட காசுல கணிசமான பங்கு வரிச் சலுகையிலயே திரும்பக் கிடைச்சுடுறதால கீழ் விலைக்கு வித்தாலும் அவங்களுக்குப் பெரிசா நஷ்டமில்ல. பிளேஸ்மென்ட் குளோஸ் ஆன தேதியோட நாலு மாசம் கூட்டி காலண்டர்ல குறிச்சு வைங்க. 2022 நவம்பர்ல வந்த லைஃப் எக்ஸெம்ப்ஷன்ங்கிற விதிவிலக்கு வழியா போட்ட ஷேருக்கு அந்த நாலு மாசத் தடையும் கிடையாது, மறுநாளே விக்கலாம்.

டைரக்டர்ஸ் வாங்குறாங்கன்னு யாராவது சொன்னா, கம்பெனி ஆட்களோட ஷேர் வியாபாரம் பதிவாகிற செடி வெப்சைட்டுல போய்ப் பாருங்க. கோடு 10-ன்னா மார்க்கெட்டுல வாங்கினது இல்லன்னா வித்தது, ரெண்டுல எதுன்னு பாத்துக்கோங்க. 50-ன்னா ஆப்ஷன் கொடுத்திருக்காங்க, அது வாங்கினதே இல்ல. 16-ஆ இருந்தா பிளேஸ்மென்ட்டுல, பெரும்பாலும் வாரண்ட்டோட வாங்கினது. 10-ல வாங்கினதுக்கு மட்டும்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

ஆய்வுல என்பிவி அமெரிக்க டாலர்ல இருக்கலாம், ஷேர் விலை கனடா டாலர்ல இருக்கும், ரெண்டையும் கலக்காதீங்க. ஆய்வோட தேதியையும் பாருங்க, 2020-ல போட்ட கட்டுமானச் செலவுல இன்னைக்கு எந்தச் சுரங்கமும் கட்ட முடியாது. தங்க விலையை மட்டும் இன்னைக்கு விலைக்கு மாத்திட்டு செலவைப் பழைய விலையிலேயே விட்ட ஸ்லைடை நம்பவே நம்பாதீங்க.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டா லிமிட் ஆர்டர், அதாவது இந்த விலைக்கு மேல வேண்டாம்னு சொல்ற ஆர்டர், மட்டும் போடுங்க. 50 சென்ட்டுக்குக் கீழ இருக்கிற ஷேர் அரை சென்ட் அரை சென்ட்டாத்தான் நகரும். 5 சென்ட் ஷேர்ல ஒரு படி இறங்கினாலே 10 சதவீதம் போச்சு. மார்க்கெட் ஆர்டர் போட்டா மூணு படி மேல போய் நிரம்பும். ஒரு நாளைக்குச் சராசரியா 40,000 ஷேர் கைமாறுற இடத்துல 2 லட்சம் ஷேர் வச்சிருந்தா, மொத்த வியாபாரத்துல கால் பங்கு உங்களுடையதா இருந்தாக்கூட வெளிய வர 20 நாள் ஆகும். கனடாவோட வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டிஎஃப்எஸ்ஏ-வுல வாங்குறவங்களுக்கு லாபத்துக்கு வரி இல்ல, ஆனா நஷ்டமானா அதை எந்த லாபத்துலயும் கழிக்க முடியாது, அந்த அளவுக்கு இடமும் திரும்ப வராது. அதனால இந்த மாதிரி ஷேரை எந்தக் கணக்குல வைக்கிறதுன்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.