திரைக்குப் பின்னால் போய் உட்காருங்கள்! ஜாவாவின் நிழல் கூத்தும் குமரியின் தோல்பாவையும்

(காட்சி: வெள்ளைத் திரை, மோதிக்கொள்ளும் இரண்டு நிழல்கள்)

ஒரு கையில் அர்ஜுனன், மறு கையில் அரக்கன். இரண்டு கையிலும் பாவை இருக்கும்போது சண்டைக்குத் தாளம் தட்டுவது யார்? அதே மனிதர்தான்! கால்விரல் இடுக்கில் சின்ன மரச் சுத்தியலைப் பிடித்து, பக்கத்துப் பெட்டியில் டக், டக் என்று தட்டுகிறார். அந்தக் காலைப் பார்க்க வேண்டுமானால் திரைக்கு முன்னால் உட்காராதீர்கள்.

வணக்கம், நாகர்கோவிலிலிருந்து பேசுகிறேன். இன்று நாம் போகும் ஊர் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா. ஜாவாவின் பழைய அரச நகரம். சுல்தான் இன்றும் இருக்கிறார். வரலாறு இவ்வளவு போதும், கூத்துக்கு வருவோம்.

1935-இல் திறந்த சோனோபுடோயோ அருங்காட்சியகத்தில் இரவில் வயாங் குலித் என்ற நிழல் கூத்து நடக்கிறது. பயணிகளுக்காகச் சுருக்கிய ஆட்டம் இது. ஊர்ப்புறங்களில் தொடங்கினால் விடியும்வரை போகும். எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலும் பேசுகிறவர் தலாங்.

நம் தோல்பாவைக்கு ஆட்டுத்தோல். மெல்லியது, விளக்கொளியில் சிவப்பும் பச்சையும் திரையிலேயே பளிச்சென்று தெரியும். ஜாவாவில் எருமைத்தோல். ஒளி புகாது, உளியால் குத்திய துளைகளில் மட்டும் வெளிச்சம் கசியும். முன்னால் இருப்பவருக்குக் கிடைப்பது கறுப்பு நிழல். ஆனால் அதே பாவைக்குப் பொன்பூச்சும் நுணுக்கமான வண்ணமும் தீட்டியிருக்கிறார்கள்! பின்பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பது அங்கே வழக்கம். அங்கே போனால் தலாங்குக்குப் பின்னால் கமெலான் இசைக்குழு, திரையடியில் கிடத்திய வாழைமரத் தண்டு, அதில் வரிசையாகக் குத்தி நிறுத்திய அரசர்களும் அரக்கர்களும். எனக்கு நிழலைவிட இந்தப் பக்கம்தான் பிடித்தது. அருங்காட்சியகத்தில் நீங்களும் எழுந்துபோய்ப் பார்க்கலாம்.

இனி கோமாளிகள். இந்த வீடியோவே அவர்களுக்காகத்தான்! நம் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் புகுந்து ஊர்க்கதை பேசுவார்கள். வால்மீகியிலும் இல்லை, கம்பனிலும் இல்லை. ஜாவாவில் பாண்டவர்களுக்கு வேலைக்காரராக செமார் என்ற தொப்பைக்காரர் வருகிறார். காரேங், பெத்ருக், பாகோங் அவருடைய பிள்ளைகள். வியாசருக்கு இவர்களைத் தெரியாது. ஆனால் இந்த செமார் யார் தெரியுமா? ஜாவா மரபில் மண்ணுக்கு இறங்கிவந்த தேவன். அங்கே பட்டாரா குரு எனப்படும் சிவனுக்கே அண்ணன்! அரசனுக்குப் பணிவிடை செய்யும் அந்தக் கிழவரிடம்தான் அரசன் புத்தி கேட்கிறான். விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் இவர்களின் நேரம் நள்ளிரவு. நம் பக்கம் வந்தால் இன்னொரு வியப்பு: தமிழில் இத்தனை கேலி பேசும் நம் தோல்பாவைக் கலைஞர்கள் வீட்டில் பேசும் மொழி மராத்தி.

நடனம் வேண்டுவோர் யோக்யகர்த்தாவுக்குப் பக்கத்திலுள்ள பிரம்பானான் கோயிலுக்குப் போங்கள். அந்த 9-ஆம் நூற்றாண்டுக் கோயிலின் பின்னணியில் 1961 முதல் ராமாயண நாட்டியம் நடக்கிறது, வசனமே கிடையாது. திறந்தவெளி ஆட்டம் மழை குறைந்த மே முதல் அக்டோபர் வரை. இலங்கை எரியும்போது மேடையில் நிஜத் தீ! நம் குமரியின் மருந்துவாழ்மலை, அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கதைச்சுருக்கம் எதற்கு?

குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்கள், எந்த ஊரில் பார்த்தீர்கள், உளுவத்தலையன் என்ன பேசினான் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.