ரயில் உணவகப் பெட்டி ரசீதில் 'ஒருவர்'

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"ஜப்பானியக் குற்றக் கதை எழுத்தாளர் மட்சுமோட்டோ செய்ச்சோவை இன்றும் வாழவைப்பது புதிரின் நுட்பமா, அவர் பட்ட பாடா?" இதுதான் தலைப்பு. பட்ட பாடுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் செய்ச்சோவின் 'புள்ளிகளும் கோடுகளும்' நாவலின் நான்கு நிமிடங்களை வைத்துக் கைதட்டல் வாங்கிப் போனார். டோக்கியோ நிலையத்தின் 13-ஆவது நடைமேடையில் நிற்பவர்களுக்கு 15-ஆவது நடைமேடையின் 'அசகாசே' ரயில் கண்ணில் படாது. இடையில் வேறு ரயில்கள் மறைக்கும். மாலை 5.57 முதல் 6.01 வரை மட்டும் தெரியும். அந்த இடைவெளியில் ஒரு ஜோடி ரயிலேறுவதைச் சாட்சிகள் பார்க்கும்படி செய்துவிடுகிறான் குற்றவாளி. அழகான சூழ்ச்சிதான், நானும் கைதட்டினேன்.

ஆனால் அந்த ரயில் கால அட்டவணை என்ன ஆயிற்று? கதை வெளிவந்தது 1957-58இல், ஒரு பயணப் பத்திரிகையில் தொடராக. 1964இல் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்தது. 2005இல் அசகாசேயே நின்றுபோனது. புதிருக்கு ஆதாரமான ரயிலே இல்லை, புத்தகம் மட்டும் விற்றுக்கொண்டிருக்கிறது! போதாக்குறைக்கு, துப்பறிபவர் விமானம் என்ற ஒன்று இருப்பதையே வெகுநேரம் நினைக்கவில்லை என்று அந்நாட்டு வாசகர்களே குறை சொல்கிறார்கள். புதிர்தான் தூண் என்றால், இத்தனை விரிசலோடு கட்டடம் நிற்குமா?

நிற்க வைப்பது வேறொன்று. ஃபுகுவோகாவை அடுத்த காஷிய் கடற்கரையில் அதே ஜோடி, ஓர் அமைச்சக அதிகாரியும் உணவு விடுதிப் பணிப்பெண்ணும், அருகருகே பிணமாகக் கிடக்கிறார்கள். காதல் ஜோடி, விஷம் குடித்து இறந்தார்கள் என்று எல்லோரும் கோப்பை மூடத் தயாராகிறார்கள். உள்ளூர்த் துப்பறிவாளர் தொரிகாய், அனுபவம் முதிர்ந்தவர், பழைய மேலங்கிக்காரர், இறந்தவன் சட்டைப்பையிலிருந்து வந்த ரயில் உணவகப் பெட்டி ரசீதை மட்டும் விடாமல் பார்க்கிறார். அதில் 'ஒருவர்' என்று இருக்கிறது. சாகப் போகும் காதலர்கள், ஒருவன் மட்டுமா சாப்பிடப் போவான்? வீட்டுக்குப் போய்த் தன் மகளிடம் கேட்கிறார். உனக்குப் பசியில்லை, உன் மனத்துக்குப் பிடித்தவனுக்குப் பசி, என்ன செய்வாய் என்று. கூடவே போய்க் காப்பியாவது குடித்துக்கொண்டிருப்பேன் என்கிறாள் மகள். வழக்கு அங்கேதான் திறக்கிறது. அட்டவணையைப் புரட்டும் வேலையெல்லாம் அதற்குப் பிறகு.

ரசீதை இப்படிப் பார்க்கும் கண் எங்கிருந்து வந்தது? செய்ச்சோ 1909இல் பிறந்தவர், 14 வயதில் படிப்பு முடிந்தது. மின்சாரச் சாதனக் கம்பெனியில் எடுபிடி, பிறகு அச்சகத்தில் தொழில் பழகினார். 1929இல் நண்பர்களோடு இடதுசாரி இலக்கியப் பத்திரிகை படித்ததற்காகக் கோகுரா நகரப் போலீசார் சில நாள் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தபோது அப்பா அவருடைய புத்தகங்களைக் கொளுத்தியிருந்தார். நாளிதழின் கிளை அலுவலகத்தில் விளம்பரங்களுக்குப் படம் வரைந்தார். படித்தவர்களும் படிக்காதவர்களும் எங்கே உட்காருவது, எவ்வளவு பேசலாம் என்பதை அந்த அலுவலகமே கற்றுக்கொடுத்தது. போருக்குப் பின் சம்பளம் போதாமல் துடைப்பம் வாங்கி விற்றார். ஊர் ஊராக ரயிலில் போய், துடைப்பம் விற்ற மனிதர்! ரயிலில் ஒருவர் சாப்பாட்டுக்கு என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

எதிரணியில் ஒருவர், "கஷ்டப்பட்டவர்கள் எல்லாரும் செய்ச்சோ ஆகிவிட்டார்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆகவில்லைதான். ஆனால் இவர் நாற்பதைத் தாண்டிய பிறகு எழுத வந்து 1953இல் அகுதகவா என்ற இலக்கியப் பரிசு வாங்கினாரே, அது எந்தக் கதைக்கு? 'ஒரு கோகுரா நாட்குறிப்பின் கதை'. உடல் ஊனமுற்ற ஓர் ஏழை இளைஞன், எழுத்தாளர் மோரி ஓகாய் கோகுராவில் இருந்த காலத்தின் காணாமற்போன நாட்குறிப்பை ஈடுகட்ட, அவரை அறிந்தவர்களை வீடு வீடாகத் தேடிக் குறிப்பெடுக்கிறான். அவன் செத்த பிறகு அந்த நாட்குறிப்பே டோக்கியோவில் கிடைத்துவிடுகிறது. கொலையும் இல்லை, குற்றவாளியும் இல்லை, புதிரும் தானாகவே தீர்ந்துபோகிறது; ஆனால் வாசிப்பவர் நெஞ்சில் ஒரு கனம் இறங்குகிறது. முதலில் வெகுஜன எழுத்துக்கான நவோகி பரிசுக்குப் போன கதை அது. அந்த நடுவர்கள்தாம் பார்த்து அகுதகவா பக்கம் அனுப்பினார்கள். நடுவர் அவர்களே, நீங்களும் அப்படியே பார்க்க வேண்டும்!

'மணற்பாத்திரம்' நாவலைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரணி அதன் வட்டார வழக்குத் தடயத்தைப் பெருமையாகச் சொன்னது: வடகிழக்குப் பேச்சு போலக் கேட்டது உண்மையில் மேற்கே இசுமோ பகுதிப் பேச்சு. சரி. அந்தத் தடயம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? தொழுநோயாளியான தந்தையும் சிறு மகனும் ஊர் ஊராகப் பிச்சையெடுத்து அலைந்த பாதைக்கு. (முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம், அட்டவணையைச் சொன்னவர்களும் சொல்லிவிட்டார்கள்.) அந்த மகன் வளர்ந்து, பெயரை மாற்றி, இசையமைப்பாளனாகிறான். தன் பழைய அடையாளத்தை அறிந்த, தன்னிடம் அன்பாக இருந்த மனிதரையே கொல்கிறான். ஜப்பானில் தொழுநோயாளிகளை ஒதுக்கிவைத்த சட்டம் 1996இல்தான் நீக்கப்பட்டது. நாவலோ 1960-61இல் நாளிதழில் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பாகவே அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த வெறுப்பைக் காட்டினார். அதற்குத் தடயம் தேடும் மூளை மட்டும் போதுமா?

பேய்வீட்டுக் கொட்டகையிலிருந்து துப்பறியும் கதையை வெளியே கொண்டுவர விரும்பியதாக அவரே எழுதியிருக்கிறார். கொட்டகையில் பயமுறுத்துபவன் முகமூடிக்காரன். வெளியே வந்தால் லஞ்சம் வாங்கும் அதிகாரி, அவனைச் சுற்றியிருக்கும் வியாபாரி, அந்தஸ்து போய்விடும் என்று நடுங்கும் மனிதன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நான்கு நிமிடங்களைத் திரும்பவும் சொல்லுங்கள், கேட்கிறோம். அதற்கு முன்னால், தொரிகாய் மகளின் பதிலைச் செய்ச்சோ எந்த ரயில் கால அட்டவணையில் பார்த்து எழுதினார் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வணக்கம்.