சிலுவை இல்லாத சாப்ளின் சின்னம்

வணக்கம் நண்பர்களே! திரையில் தெரிவது அமெரிக்கத் தரைப்படையில் சாப்ளின் பிரிவின் ரெஜிமென்ட் சின்னம், அதாவது அந்தப் பிரிவினர் எல்லோருக்கும் பொதுவான சின்னம். படையோடு கூடவே போகும் மதகுருவைத்தான் சாப்ளின் என்கிறார்கள். சீருடை உண்டு, ராணுவப் பதவி உண்டு, ஆனால் துப்பாக்கி தூக்க மாட்டார்.

1775 என்று எழுதியிருக்கிறது பாருங்கள். அந்த ஆண்டு ஜூலை 29 அன்றுதான் கான்டினென்டல் காங்கிரஸ், அதாவது அன்றைய அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபை, இவர்களுக்குச் சம்பளம் ஒதுக்கியது. மாதம் 20 டாலர், கேப்டனுக்குக் கொடுத்த அதே தொகை. நீலம் வானத்துக்கு, ஆலிவ் கிளையோடு புறா சமாதானத்துக்கு. இதெல்லாம் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

புறாவுக்குப் பின்னால் நிற்கும் கோலைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறேன். நுனி வளைந்திருக்கிறது இல்லையா? மேய்ப்பனின் கோல் அது. பார்த்தால் நம்ம ஊர்த் தொரட்டி மாதிரிதான். ஆனால் தொரட்டி ஆட்டுக்குத் தழை இழுக்க. இது வழி தவறிய ஆட்டையே இழுக்க. 1880இல் சாப்ளின்களுக்கு முதன்முதலில் கொடுத்த அடையாளமே இதுதான், கறுப்பு வெல்வெட் தோள்பட்டையில் வெள்ளிக் கோல். சிலுவை வந்தது 1898இல்.

அப்புறம் முதல் உலகப் போரில் ராபிகள், அதாவது யூத மதகுருக்கள், சேர்ந்தார்கள். அவர்கள் சட்டையில் சிலுவையைக் குத்த முடியுமா? மோசேயின் இரண்டு கற்பலகைகளும் மேலே யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரமும் கொடுத்தார்கள். சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் பலகையில் பத்துக் கட்டளைகளுக்கு இருந்தவை ரோமன் எண்கள்! எருசலேமில் யூதர்களின் ஆலயத்தை இடித்த ரோமர்களின் எழுத்து. 1980களில்தான் எபிரேய எழுத்துகள் அங்கே ஏறின.

இப்போது முஸ்லிம் சாப்ளினுக்குப் பிறை, பௌத்தருக்குத் தர்மசக்கரம். 2011இல் கேப்டன் பிரதிமா தர்ம் முதல் இந்து சாப்ளின் ஆனபோது ஓம் வந்தது. அவரவர் மதக்குறி அவரவர் சட்டையில். பொதுச் சின்னத்தில் சிலுவையே கிடையாது.

ஆனால் எனக்கு ஒரு நெருடல். அதே சின்னத்தில் விரித்த புத்தகம் ஒன்று இருக்கிறதே, அதற்கு ராணுவம் தந்த விளக்கத்தில் 'பைபிள்' என்றே இருக்கிறது. சிலுவையைத் தவிர்த்துவிட்டு இதை மட்டும் ஏன் வைத்தார்கள்? ஓம் அணிந்தவரும் இதே சின்னத்தைத்தான் குத்திக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் கோல் ஒன்றே போதும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கமென்ட்டில் சொல்லுங்கள்.